கழுதை தேய்ந்து கட்டெறும்பாகும் வரை: பழைய பிளாஸ்டிக் புழுவில் பாஸ் பிடிப்பது எப்படி

என் தூண்டில் பெட்டியின் அடித்தட்டில் ஒரு பை கிடக்கிறது. அதன்மேல் கறுப்பு மையால் ‘ஆஸ்பத்திரி’ என்று எழுதியிருக்கிறேன். தலை கிழிந்த புழு, வால் அறுந்த புழு, வயிற்றில் நான்கு ஓட்டை விழுந்த புழு, பல வருடம் மடங்கிக் கிடந்து கேள்விக்குறிபோல வளைந்துவிட்ட புழு எல்லாம் அதற்குள்தான். நிஜப் புழு அல்ல; பாஸ் என்ற நன்னீர் மீனைப் பிடிக்கத் தூண்டில் முள்ளில் கோக்கும் மெத்தென்ற பிளாஸ்டிக் புழு. என்னோடு படகில் வரும் நண்பர், மீன் ஒருமுறை கடித்த புழுவை மறுபடி வீச மாட்டார். கழற்றுவார், புதிய பொட்டலத்தைப் பிரிப்பார். அவர் கழற்றிப் போடுவதையும் எடுத்து என் பையில் போட்டுக்கொள்வேன். கஞ்சன் என்பார். இருக்கட்டும். சென்ற பருவத்தில் நான் பிடித்த மீன்களில் பாதிக்கு மேல் அவர் தூக்கிப் போட்ட புழுக்களில் சிக்கியவை. இதை அவருக்கு அடிக்கடி நினைவுபடுத்துவதில்லை. வாரத்துக்கு ஒருமுறை போதும்.

கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை என்று எதையோ ஏளனமாகச் சொல்வோம். பிளாஸ்டிக் புழு விஷயத்தில் அந்தத் தேய்மானம்தான் லாபம். ஏழு அங்குலப் புழுவின் தலை கிழிந்தால் அது ஆறே கால் அங்குலப் புழு. அதுவும் கிழிந்தால் ஐந்து. பிறகு நான்கு, மூன்று. ஒவ்வோர் அளவுக்கும் பொருத்தமான தூண்டில் கட்டு, அதாவது முள்ளையும் குண்டையும் புழுவையும் சேர்க்கும் விதம், ஒன்று இருக்கிறது. எந்த அளவில் எந்தக் கட்டுக்கு மாற வேண்டும் என்று தெரிந்துகொண்டால், ஒரே புழுவை இரண்டு மூன்று பருவங்கள் ஓட்டலாம்.

முதலில் தரம் பிரியுங்கள்

பழைய புழுவில் இரண்டு ஜாதி. மீன் கடித்துப் பழையதானது ஒன்று, பெட்டியில் கிடந்து பழையதானது மற்றொன்று. முதல் வகைக்கு உடம்பில் காயம் இருக்கும், தசை நன்றாக இருக்கும். இரண்டாவது வகை பார்க்கப் புதிதாக இருக்கும், உள்ளே உயிர் போயிருக்கும்.

காரணம் அதன் தயாரிப்பில் இருக்கிறது. பெரும்பாலான புழுக்கள் பிளாஸ்டிசால் என்ற பொருளால் ஆனவை. பிவிசி தூளை மென்மையாக்கும் எண்ணெயில் கலந்து, சூடாக்கி, அச்சில் ஊற்றினால் அது ரப்பர்போல உறைகிறது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து ஏக்ரன் நகரில் நிக் கிரீம் என்பவர் 1949-ல் தன் வீட்டில் வைத்துச் செய்து பார்த்த நாள்முதல் அடிப்படை விஷயம் மாறவில்லை. புழு மெத்தென்று இருப்பது அந்த எண்ணெயால்தான். வெயிலும் வெப்பமும் வருடங்களும் சேர்ந்து எண்ணெயை மெல்ல மெல்ல வெளியேற்றுகின்றன. பழைய பையைத் திறந்ததும் விரலில் ஒட்டும் பிசுபிசுப்பு, புழுவின் உடம்பிலிருந்து கசிந்த எண்ணெயாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

ஆகவே சோதனை எளிது. புழுவை எடுத்து, தலையும் வாலும் தொடும்படி மடியுங்கள். விட்டதும் சோம்பலாகவாவது நிமிர்ந்தால் அது பிழைக்கும். மடித்த இடத்தில் வெடிப்பு விட்டாலோ, உலர்ந்த தோல்போல முறுக்கிக்கொண்டாலோ, அதை மீன்பிடிக்க வைத்துக்கொள்ளாதீர்கள். பாஸ் இரையைக் கவ்விப் பிடிப்பதைவிட வாயைத் திறந்து தண்ணீரோடு உறிஞ்சிக்கொள்வதுதான் அதிகம். பிடிக்காததை அதே வேகத்தில் துப்பிவிடும். மரக்கட்டையாகிப்போன புழுவை அது வாயில் வைத்திருக்கும் நேரத்துக்குள் உங்களால் தூண்டில் கோலைத் தூக்க முடியாது.

வெளுத்த நிறத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். வெயிலில் வெளுத்த கரும்பச்சைப் புழுவில் எனக்கு எந்தக் குறையும் தெரிந்ததில்லை. நிறம் ஒன்றோடொன்று ஊறுவதுதான் தொல்லை. கறுப்புப் புழுவையும் வெளிர்நிறப் புழுவையும் ஒரே பையில் வைத்தால், சில மாதங்களில் எல்லாம் ஒரே அழுக்கு நிறத்துக்கு வந்துவிடும். கருமை ஒரு பை, வெளிர்மை ஒரு பை என்று பிரித்தால் போதும். கடைக்காரர்கள் வைக்கும் நிறப்பெயர்கள் மொத்தம் எத்தனையோ. என் ஆஸ்பத்திரியில் ‘இருட்டு’, ‘வெளிச்சம்’ என்று இரண்டே வார்டுகள்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். சில புழுக்கள் பிளாஸ்டிசால் அல்லாத, டிபிஇ எனப்படும் வேறொரு பொருளால் செய்யப்படுகின்றன. இழுத்தால் பல மடங்கு நீண்டு, அறாமல் திரும்புவதும், எடை சேர்க்காதபோது தண்ணீரில் மிதப்பதும் அவற்றின் அடையாளம். இவை சாதாரணப் புழுவோடு ஒட்டிக் கிடந்தால் இரண்டும் உருகிக் கூழாகிவிடும். ஒருமுறை அலட்சியமாக ஒரே தட்டில் போட்டுவைத்தேன். கோடைக்குப் பிறகு திறந்தபோது, பதினைந்து புழுக்கள் சேர்ந்து ஒரே பிண்டமாகக் கிடந்தன. பிரித்தெடுக்க முயன்று பெட்டியையே தூக்கிப் போட்டேன். டிபிஇ புழுக்கள் எந்தப் பையில் வந்தனவோ அதிலேயே இருக்கட்டும்.

வளைந்ததை நிமிர்த்துவது

வளைந்த புழு தண்ணீரில் சுழலும். சுழன்றால் தூண்டில் நரம்பு முறுக்கேறும். முறுக்கேறிய நரம்பு அடுத்த வீச்சில் ரீலில் சிக்கும். மீனுக்கும் அது இயல்பாகத் தெரியாது. அதனால், கிழிசலைச் சரிசெய்வதற்கு முன் கோணலைச் சரிசெய்யுங்கள்.

சமையலுக்கு இனி எடுக்கப்போவதில்லை என்று முடிவான ஒரு பழைய பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்துவிடுங்கள். கொதி அடங்கியதும் இடுக்கியால் புழுவின் தலையைப் பிடித்து, உடம்பு முழுவதும் தண்ணீரில் தொங்கும்படி முக்குங்கள். மெல்லிய வால் பத்துப் பதினைந்து விநாடியிலேயே தளர்ந்துவிடும். தடித்த உடம்புக்கு அரை நிமிடமோ சற்று அதிகமோ ஆகலாம். கண்ணெதிரே அது தானாக நீளும். தளர்ந்ததும் எடுத்துச் சமமான உலோகத் தட்டில் நேராகக் கிடத்துங்கள். வால் சுருள் வாலாக இருந்தால், அது எப்படி இருக்க வேண்டுமோ அந்த வடிவத்தில் விரலால் அமைத்துவிடுங்கள். பிறகு தட்டோடு குளிர்ந்த நீரில் இறக்குங்கள். அந்த வடிவத்திலேயே இறுகும்.

உலோகத் தட்டு என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முதல் தடவை, தூக்கிப் போடும் வெள்ளை நுரைத் தட்டில் புழுக்களை வரிசையாக அடுக்கிவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் ஒவ்வொரு புழுவும் தன் வடிவத்துக்கு ஒரு பள்ளம் தோண்டிப் படுத்திருந்தது. மென்மையாக்கும் எண்ணெய் சில பிளாஸ்டிக்குகளையும் வண்ணப்பூச்சையும் மெழுகுப் பூச்சையும் கரைத்துவிடும். படகு இருக்கையின் மேல் ஓர் இரவு மறந்து வைத்த புழு, அச்சு அசலாகத் தன் உருவத்தை அங்கே பதித்துவிட்டுப் போனது. இன்றும் அந்தத் தழும்பின் மேல்தான் நான் உட்காருகிறேன்.

கிழிசலுக்கு வைத்தியம்

எல்லாக் கிழிசலையும் ஒட்ட வேண்டியதில்லை. தலையில் கால் அங்குலக் கிழிசல் என்றால், கத்தரிக்கோலால் அந்தக் கால் அங்குலத்தை நேராக வெட்டிவிடுவதுதான் சிறந்த வைத்தியம். பல்லால் கடித்துத் துப்புகிறவர்கள் இருக்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் செய்தேன். அந்த எண்ணெய் வாய்க்குள் போக வேண்டிய பொருள் அல்ல, வெட்டும் கோணலாக இருக்கும். கத்தரி ஒன்றைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்ளுங்கள்.

உடம்பு நீளவாக்கில் பிளந்திருந்தால் மட்டும் ஒட்டுங்கள். முதலில் ஈரத்தையும் மீன் கொழகொழப்பையும் காகிதத்தில் ஒற்றி எடுத்து, ஒரு நாள் காய விடுங்கள். ஈரப்புழுவை ஒட்டினால் கரைக்கு வருவதற்குள் மறுபடி பிளந்திருக்கும்.

நான் செய்வது சூட்டு ஒட்டு. பழைய மழுங்கிய கத்தி ஒன்றின் நுனியை லைட்டரில் சூடாக்கி, பிளவுக்குள் நுழைத்து, இருபுறமும் பளபளவென்று உருகும் அளவுக்குத் தொட்டு, கத்தியை எடுத்த மறுகணம் இரு விரலால் அமுக்கிப் பத்து விநாடி பிடித்திருக்க வேண்டும். நேரடியாகத் தீயில் காட்டாதீர்கள். பற்றிக்கொள்ளும், கரியும், நெடியடிக்கும். பிவிசி கருகும்போது வரும் புகையில் ஹைட்ரஜன் குளோரைடு இருக்கிறது. தொண்டையை அறுக்கும். எனவே இந்த வேலை திறந்த வெளியில் மட்டும்.

சூப்பர் க்ளூவும் ஒட்டும், ஆனால் ஒட்டிய இடம் கல்லாகிவிடும். இதில் எனக்கு ஒரு பழைய வருத்தம் இருக்கிறது. பிடித்தமான ஊதாப் புழு ஒன்றின் நடு உடம்பில் தாராளமாகப் பசை விட்டு ஒட்டினேன். அன்று மாலை அல்லித் தழைகளின் ஓரத்தில் நரம்பு பக்கவாட்டில் நகர்ந்தது. கோலைத் தூக்கினேன், கனம் தெரிந்தது, ஒரு பெரிய தலை மேலே வந்து உதறியது, புழு என் முகத்தை நோக்கிப் பறந்து வந்தது. எடுத்துப் பார்த்தால், முள்ளின் நுனி பசைக் கட்டிக்குள் புதைந்து கிடந்தது. மீனின் வாயை அது தொடவே இல்லை. அன்றுமுதல் பசை என்றால் தலையில் மட்டும், குண்டூசித் தலையளவு மட்டும். முள் நுனி வெளிவர வேண்டிய பகுதியில் பசை கூடவே கூடாது. டிபிஇ புழுக்களில் சூப்பர் க்ளூ சரியாகப் பிடிப்பதும் இல்லை. அவற்றுக்குச் சூட்டு ஒட்டுதான் வழி.

ஏழிலிருந்து ஐந்து அங்குலம் வரை: டெக்சஸ் கட்டு

தழை, முள்செடி, மூழ்கிய மரம் உள்ள இடங்களுக்கு இதுதான். தோட்டா வடிவ எடைக் குண்டை நரம்பில் கோத்து, கீழே கழுத்து வளைந்த புழு முள்ளைக் கட்டுங்கள். ஏழு அங்குலப் புழுவுக்கு 3/0 அளவு முள், ஐந்துக்கு 2/0 அல்லது 1/0. குண்டு பெரும்பாலும் மூன்றரை கிராம் முதல் ஏழு கிராம் வரை.

முள் நுனியைத் தலையின் நட்டநடுவில் கால் அங்குலம் குத்தி, பக்கவாட்டில் வெளியே எடுத்து, முள்ளின் காது (நரம்பு கட்டும் வளையம்) தலைக்குள் மறையும்வரை இழுங்கள். பிறகு முள்ளைப் பாதிச் சுற்றுத் திருப்பி, புழுவை அதன் பக்கத்தில் தொங்கவிட்டுப் பாருங்கள். வளைவின் அடிப்பகுதி உடம்பில் எங்கே வருகிறதோ அங்கே குத்தி மறுபக்கம் கொண்டுவந்து, நுனியை மட்டும் மேல்தோலுக்குள் மறைத்துவிடுங்கள். தூக்கிப் பிடித்தால் புழு நூல் பிடித்ததுபோல நேராகத் தொங்க வேண்டும். சுருக்கமோ கூனலோ இருந்தால் கழற்றி மறுபடி குத்துங்கள், சோம்பல் வேண்டாம்.

பழைய புழுவில் இரண்டு மாற்றங்கள். முன்பு முள் வெளிவந்த ஓட்டை ஒரு பக்கம் இருக்கும் அல்லவா, புழுவைக் கால் சுற்றுத் திருப்பி, காயம் படாத பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். தலையின் நடு ஓட்டை தளர்ந்து புழு கீழே வழுகினால், மின்கம்பி இணைப்புகளில் போடுகிறார்களே, சூடு காட்டினால் சுருங்கும் குழாய், அதில் ஒரு சிறு துண்டை முள்ளின் தண்டில், காதுக்குக் கீழே, முன்கூட்டியே சுருக்கிப் போட்டுவிடுங்கள். புழுவின் தலை அந்தத் தடிப்பில் இறுகிப் பிடித்துக்கொள்ளும். இந்த ஒரு வேலைக்குப் பிறகு என் புழுக்களின் ஆயுள் நன்றாகவே கூடியது.

வீசும்போது தலைக்கு மேலிருந்து சாட்டைபோலச் சொடுக்காதீர்கள். தளர்ந்த தலை அந்த வேகத்தைத் தாங்காது. முள் ஒரு பக்கம் போகும், புழு ஒரு பக்கம் போகும். கையைத் தாழ்த்தி, ஊஞ்சல் ஆட்டுவதுபோல இடுப்பு உயரத்திலிருந்து அனுப்புங்கள். தூரம் குறையும். பரவாயில்லை, தழை ஓரத்துப் பாஸுக்குப் பெரும்பாலும் தூரம் தேவைப்படுவதே இல்லை. சத்தமில்லாமல் விழ வேண்டும், அவ்வளவுதான்.

விழுந்ததும் நரம்பை இறுக்கிப் பிடிக்காமல், தொய்ந்தும் தொய்யாமலும் வைத்து, அடிக்குப் போகவிடுங்கள். கடிகளில் பாதி இந்த இறக்கத்திலேயே வரும். கையில் தட்டுவதற்குக் காத்திருக்காமல், நரம்பு தண்ணீரைத் தொடும் புள்ளியைப் பாருங்கள். அது துள்ளினாலோ, பக்கவாட்டில் நகர்ந்தாலோ, அடியைத் தொட வேண்டிய நேரத்துக்கு முன்பே நின்றாலோ, கீழே ஒருவர் வந்திருக்கிறார். இல்லையென்றால் கோலைக் கடிகாரத்தின் ஒன்பது மணி நிலையிலிருந்து பதினொன்றுக்கு மெல்ல உயர்த்தி, தாழ்த்தி, தொய்வைச் சுற்றுங்கள். இதே வேலையைத் திரும்பத் திரும்ப. கடி தெரிந்ததும் தொய்வைச் சுற்றிவிட்டு ஒரே வீச்சாக மேலே தூக்குங்கள். முள் முதலில் புழுவின் தோலைத் துளைத்துப் பிறகுதான் மீனைத் தொட வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். அந்த வகையில் பழைய புழுவுக்கு ஒரு சாதகம் உண்டு. ஏற்கெனவே நைந்த தோல் சுலபமாக வழிவிடும்.

தலை போய், நடு உடம்பு நன்றாக இருந்தால்: வாக்கி கட்டு

இது வாலில்லாத, பென்சில்போல ஒரே தடிமனான புழுக்களுக்கு உரியது. சுருள் வால் புழுவை இப்படிக் கட்டினால் பரிதாபமாக இருக்கும். இரு முனையும் கிழிந்திருந்தாலும் நடுப்பகுதி கெட்டியாக இருந்தால் போதும். முள்ளை நடுவில் குறுக்காகக் குத்தி, குண்டு எதுவும் இல்லாமல் வீசுவதுதான் முறை. மூழ்கும்போது இரு முனையும் இறக்கை அடிப்பதுபோலத் துடிக்கும். ஆழம் குறைந்த இடத்தில், குஞ்சு பொரிக்கும் காலத்தை ஒட்டி, இதைவிட நல்ல கட்டை நான் பார்த்ததில்லை. தண்ணீரின் சூடு பதினாறு முதல் இருபது டிகிரி செல்சியஸ் வரை இருக்கும் வாரங்கள் அவை. முட்டையிட்ட குழியைக் காவல் காக்கும் மீன் சிக்கினால் அங்கேயே உடனே விட்டுவிடுங்கள்.

நேரடியாகக் குத்தினால் ஒரு மீனுக்கு ஒரு புழு என்று காலியாகும். அதனால் நடுவில் ஒரு சிறு ரப்பர் வளையத்தை ஏற்றி, முள்ளை வளையத்துக்கு அடியில் நுழைத்துவிடுங்கள். இரண்டு வளையங்களைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு, அவை வெட்டிக்கொள்ளும் இடத்தில் முள்ளைக் கோத்தால் முள் புழுவின் நீளத்தை ஒட்டியே நிற்கும், மீன் வாயில் சுலபமாக ஏறும். ஏற்கெனவே நடுவில் காயம்பட்ட புழுவுக்கு, சூட்டில் சுருங்கும் குழாயின் அகலமான துண்டு ஒன்றைக் கட்டுப்போட்டதுபோல ஏற்றி, அதன் வழியாகக் குத்துங்கள். குழாயைப் புழுவின் மேல் வைத்துச் சூடு காட்டாதீர்கள், புழு உருகிவிடும். சரியான அளவில் வெட்டி அப்படியே ஏற்றினால் போதும்.

நான்கு அங்குலமும் அதற்குக் கீழும்

புழு சுருங்கிச் சுருங்கி நான்கு அங்குலத்துக்கு வந்ததும் பலர் கைவிட்டுவிடுகிறார்கள். எனக்கு விருந்து இங்கேதான் தொடங்குகிறது. குளிர்ந்த நீரிலும், தெளிந்த நீரிலும், நிறையப் பேர் வீசிச் சலித்த இடங்களிலும் சின்னப் புழு பெரிய புழுவைத் தோற்கடிக்கும்.

வால்பகுதி நன்றாக மிஞ்சியிருந்தால் டிராப் ஷாட் கட்டு. முள்ளைப் பாலோமர் முடிச்சில் (நரம்பை இரட்டையாக மடித்துக் காதில் கோத்துப் போடும் முடிச்சு) கட்டி, முடிச்சில் மிஞ்சும் நரம்பை நீளமாக, ஓர் அடி முதல் ஒன்றரை அடி வரை விட்டு, அதை மேலிருந்து முள்ளின் காதுக்குள் மறுபடி செலுத்தி இழுத்தால் முள் செங்குத்தாக நிற்கும். நரம்பின் கடைசியில் குண்டு. குண்டு அடியில் கிடக்க, புழு அதற்குமேல் நீரில் மிதந்தபடி நிற்கும். முள்ளைப் புழுவின் மூக்கு நுனியில் மட்டும் மெல்லக் குத்துங்கள். கோலை ஆட்டாதீர்கள், உங்கள் கை நடுக்கமே அதற்குப் போதும்.

மூன்று அங்குல மொட்டை மிஞ்சியிருந்தால் நெட் கட்டு. அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்து மீன்பிடி எழுத்தாளர் நெட் கேடியின் பெயரால் வழங்குவது. காளான் தலைபோலத் தட்டையான, இரண்டு மூன்று கிராம் எடையுள்ள சிறு ஈயத் தலை முள்ளில் அந்த மொட்டையைக் கோத்தால் வேலை முடிந்தது. கிழிந்த முனையைக் கத்தரியால் ஒரே மட்டமாக வெட்டி, அந்த வெட்டு முகம் ஈயத்தலையில் இடைவெளி இல்லாமல் அமரும்படி ஏற்றுங்கள். முள் நுனி வெளியே இருக்கும் கட்டு இது, ஆகவே தழைக்குள் வேண்டாம்; கல்லும் மணலும் உள்ள அடிக்குச் சரி. டிபிஇ மொட்டை இருந்தால் இதற்கு அதுவே முதல் தேர்வு. மிதக்கும் தன்மையால், அடியில் தலையை ஊன்றி வாலை மேலே தூக்கி நிற்கும். நண்பர் வீசியெறிந்த ஐந்து அங்குலப் புழு ஒன்றின் கடைசி இரண்டே முக்கால் அங்குலத்தில் ஒரே காலையில் ஆறு மீன் பிடித்தேன். எல்லாம் கையகல மீன்கள்தான், ஆறாவதைத் தவிர. ஆறாவதை நண்பர்தான் வலையில் அள்ளினார், எதுவும் பேசாமல்.

அறுந்த சுருள் வாலைத் தூக்கிப் போடாதீர்கள். நார்க்குஞ்சம் கட்டிய ஜிக் முள்ளின் (எடைத் தலை வார்த்த முள்) பின்னால் இரண்டு அங்குல வாலைக் கோத்தால் அதற்கென்று தனியாக வாங்க வேண்டியதில்லை. ஒரு அங்குலத் துண்டுகள் புளூகில் போன்ற சிறு மீன்களுக்கு. குழந்தைகளோடு போகிற நாளில் பாஸைவிட அவைதான் மானத்தைக் காப்பாற்றும்.

உருக்கி வார்ப்பது பற்றிச் சுருக்கமாக

துண்டுகளை உருக்கிப் புதிய புழு வார்க்கலாம். நான் இரண்டு முறை செய்து நிறுத்திவிட்டேன். பிளாஸ்டிசால் உருகி வார்ப்புக்கு வரும் சூடு ஏறக்குறைய 175 டிகிரி செல்சியஸ். அதற்கு மேலே வெகுதூரம் போகாமலே பழுப்பேறிக் கருகத் தொடங்கும், மேலே சொன்ன அதே புகை வரும். துண்டில் துளி ஈரம் இருந்தாலும் எண்ணெயில் தண்ணீர் விழுந்ததுபோலத் தெறிக்கும். செய்யத்தான் வேண்டும் என்றால் திறந்த வெளியில், கண்ணாடியும் கையுறையும் வேதிப்புகையை வடிகட்டும் முகமூடியும் அணிந்து, உணவுக்குப் பயன்படாத அடுப்பிலும் பாத்திரத்திலும், சூடுமானியைக் கையில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். ஒரு டிபிஇ துண்டு கலந்தாலும் மொத்தமும் வீண். எல்லா நிறமும் கலந்து சேற்று நிறம் வரும். கொஞ்சம் கறுப்புச் சாயம் சேர்த்தால் மானம் பிழைக்கும்.

முடிந்துபோன புழு

எவ்வளவு தேய்த்தாலும் ஒரு நாள் முடியும். அந்தத் துண்டு தண்ணீருக்குள் போகக் கூடாது. மீன் அதை விழுங்கும். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஆய்வகத் தொட்டியில் வளர்த்த புரூக் டிரவுட் மீன்களுக்கு மென்பிளாஸ்டிக் இரைகளைப் போட்டுப் பார்த்தார்கள். அவை தாமாகவே விழுங்கின, வளர்ச்சி பாதிக்கப்பட்டது. 2009-ல் அந்த ஆய்வு வெளிவந்தது. அதே மாநிலச் சட்டமன்றத்தில் இந்த வகை இரைகளையே தடைசெய்யும் மசோதா 2013-ல் வந்தபோது பாஸ் பிடிப்பவர்கள் கொதித்தார்கள். எனக்கும் தடை வேண்டாம். ஆனால் படகுத் துறையில் மிதக்கும் கிழிந்த புழுக்களைப் பார்க்கும்போது, மசோதா கொண்டுவந்தவரின் கோபம் புரியாமல் இல்லை. பிவிசி மக்காது.

படகில் என் காலடியில், மூடியில் சிறு துளை போட்ட கண்ணாடிக் குப்பி ஒன்று இருக்கிறது. உண்டியல்போல. முடிந்த துண்டு எல்லாம் அதற்குள். கரை ஓரத்தில் மற்றவர்கள் விட்டுப்போனவற்றையும் பொறுக்கிப் போடுவேன். அவற்றில் நல்லது கண்ணில் பட்டால் அது உண்டியலுக்குப் போகாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

பருவம் முடிந்ததும் மிச்சமுள்ளவற்றைத் துடைத்து, உலர்த்தி, நிறவாரியாகப் பையில் போட்டு, மடிப்பு விழாமல் தட்டையாகக் கிடத்தி, வெயில் படாத குளிர்ந்த அலமாரியில் வையுங்கள். பையின் மேல் நீளத்தை எழுதுங்கள்: ஆறு, ஐந்து, நான்கு, மூன்று. அடுத்த வருடம் முதல் நாள் எந்தக் கட்டு கட்டப் போகிறீர்களோ அந்தப் பையை மட்டும் எடுத்தால் போதும். என்னுடைய ‘மூன்று’ பைதான் இப்போது எல்லாவற்றிலும் கனமாக இருக்கிறது. நண்பர் சென்ற வாரம் தொலைபேசியில், அதிலிருந்து நான்கு மொட்டைகள் கிடைக்குமா என்று கேட்டார்.